அம்மன் வண்டியின் விக்கல்

எங்கள் தோட்டத்து ஏழாம் நம்பர் மலையில் ஒரு வளைவு இருக்கிறது. பதுளையிலிருந்து பசறைப் பக்கம் பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மெயின் ரோட்டிலிருந்தே தெரியும். தேயிலைக்கு நடுவில் யாரோ கொக்கியை வளைத்து வைத்த மாதிரி இருக்கும். அந்த வளைவில் வருஷத்தில் ஒரு நாள் மட்டும் வண்டி நிற்கவே கூடாது. சித்திரைத் திருவிழாவில், கீழ் டிவிஷன் கோயிலிலிருந்து மாரியம்மன் சப்பரம் ஏறி மேல் டிவிஷன் சனங்களைப் பார்க்கப் போகிற சனிக்கிழமைதான் அந்த நாள். அன்றைக்கு அந்த மேட்டில் வண்டி நின்றால் அம்மாவுக்கு வர இஷ்டம் இல்லை என்று அர்த்தம். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை இது. ஆனால் கொழுந்து எடுக்கிற பெண்களிலிருந்து கோயில் தலைவர் வரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

சப்பரம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கெப் என்று நாங்கள் சொல்கிற என் பிக்கப் வண்டிதான். பின் தட்டில் பலகை போட்டு, நாலு மூலையிலும் கம்பு கட்டி, வாழையும் தென்னங்குருத்தும் பூமாலையும் சுற்றினால் அது சப்பரம். மற்ற நாளில் அதில் போஞ்சி, லீக்ஸ், கோவா என்று மரக்கறி ஏற்றிக்கொண்டு பண்டாரவளைச் சந்தைக்குப் போவேன். லயத்து வீடுகளில் யாருக்காவது வலி எடுத்தால் பதுளை ஆஸ்பத்திரிக்கும் அதுதான் ஓடும். வண்டி வாங்கிய அன்றே கோயில் வாசலில் நிறுத்தி, "தாயே, வருஷா வருஷம் உன்னயத் தூக்கிட்டுப் போற வேல எனக்குத்தான்" என்று கும்பிட்டுச் சொல்லிவிட்டேன். அது என் நேர்த்தி. நேர்த்தியைப் பாதியில் விட்டவன் நிம்மதியாகச் சோறு தின்றதை நான் பார்த்ததில்லை.

எட்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் தூக்கினேன். ஒன்பதாவது வருஷம், அதாவது போன வருஷம், அந்த வளைவில் என் வண்டி விக்கியது.

வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். வளைவில் கொஞ்சம் கூட மிதித்தேன். ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. எஞ்சின் காது கேளாதவன் மாதிரி இருந்தது. அப்புறம் திடுக்கென்று பாய்ந்தது. பின்னால் நின்ற பூசாரி, சாய்ந்த அம்மனை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கும்பத்துத் தேங்காய் உருண்டு தேயிலைக்குள் விழுந்தது. வண்டி நிற்கவில்லை, அதை மட்டும் நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஆனால் தப்பு மேளம் அடிக்கிறவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். அத்தனை பேர் நிற்கிற இடத்தில் என் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. நான் கண்ணாடியில் பின்னால் பார்க்கவே இல்லை. முன்னால் ரோடு கலங்கித் தெரிந்தது.

அதற்குப் பிறகு அந்த விக்கல் என்னோடு குடித்தனம் நடத்த வந்துவிட்டது. வந்தால் ஒரு நாள், ரெண்டு நாள் இருக்கும். அப்புறம் நாலைந்து நாள் வண்டி தங்கம் மாதிரி ஓடும். சில வாரம் தலையே காட்டாது. ஓரம் கட்டி நிற்கிற பஸ்ஸைத் தாண்டலாம் என்று மிதித்தால் ஒரு நொடி செத்துப்போய், எதிரே லொறி வருகிற நேரம் பார்த்து உயிர் வரும். எத்தனை தடவை "அம்மா" என்று கத்தியிருப்பேன் என்று கணக்கில்லை.

பதுளை டவுனில் எனக்குப் பழக்கமான பாஸ் ஒருவர் இருக்கிறார். எஞ்சின் வேலை செய்கிறவரை நாங்கள் பாஸ் என்றுதான் சொல்வோம். அவர் முஸ்லிம், அவர்கள் பேச்சில் அண்ணனுக்குச் சொல்கிற மாதிரி நான் நானா என்று கூப்பிடுவேன். அவருக்கு என்னைவிட வயது குறைவு, அதனால் என்னை அண்ணே என்பார். பத்து வருஷமாக இந்தக் குழப்பத்தோடுதான் பேசிக்கொள்கிறோம். நல்ல கைக்காரர். முதலில் டீசல் பில்டரை மாற்றினார். டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் நான் கேனில் சேர்த்து வைத்து ஊற்றிய டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று சொல்லி, டேங்கைக் கழற்றிக் கழுவினார். காற்று பில்டரைத் தட்டிப் பார்த்து அதையும் மாற்றினார். காற்றுக் குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு அங்குலமாகத் தடவினார். கடைசியில் ஸ்கேன் மெஷினைக் கொண்டுவந்து மாட்டினார். மெஷின் ஒரு குறையும் சொல்லவில்லை.

"அண்ணே, ஒங்கட வண்டிக்கு ஒண்டுமில்ல" என்றார்.

"நானா, ஒண்ணுமில்லாமலா அம்மா சாஞ்சா?"

"வாற நோயப் பாக்கலாம். டொக்டரக் கண்டோண ஒளிஞ்சிக்கிற நோய நான் எப்புடிப் பாக்கிறது? நீங்க ஒரு வேல செய்ங்க. எப்ப வருது, எங்க வருது, மழையா வெயிலா, லோட் ஈக்கா இல்லையா, எல்லாத்தையும் எழுதி வைங்க."

ஒரு விஷயம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. நான் அவரிடம் வண்டியைக் கொண்டுபோவது எப்போதும் திங்கள் அல்லது செவ்வாய். சனிக்கிழமை எனக்குச் சந்தை. ஞாயிறு அவர் கராஜைத் திறப்பதில்லை. திங்கட்கிழமை ஆனால் என் வண்டி பச்சைப் பிள்ளை மாதிரி சமர்த்தாக இருக்கும்.

எழுதி வைப்பதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்குப் பேனா பிடிப்பது மண்வெட்டி பிடிப்பதைவிடக் கஷ்டம். தைப்பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டம் நடந்தது. அன்றைக்குத்தான் பேனாவைத் தேட வேண்டி வந்தது.

தலைவர் நல்ல மனுஷன். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"வண்டிய நாங்க கொற சொல்லலப்பா. ஆனா அம்மா ஆடிட்டாங்கள்ல? சனங்க பேசுது."

என் மனைவியின் தம்பி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவனிடம் சின்ன லொறி ஒன்று இருக்கிறது. மொனராகலைப் பக்கம் கரும்பு ஏற்றுகிறான். வாய் மட்டும் அந்த லொறியைவிட நீளம்.

"மச்சான் வண்டிக்கு விக்கல், தலைவரே. யாரோ நெனச்சுக்கிட்டே இருக்காங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். "டேங்குல ஒரு கரண்டி சீனி போட்டுப் பாருங்க மச்சான், நின்னுரும்."

"ஒன் வாயில போட்டா மொதல்ல அது நிக்கும்" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தலைவர் கையைத் தூக்கினார். "கொடியேத்தத்துக்கு முந்தி வண்டி சரியாகணும். ஆகலன்னா இந்த வருசம் அம்மா அந்த லொறிலதான் போவாங்க. கோவிச்சுக்காதப்பா."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? நேர்த்தி என்னுடையது, அம்மா எல்லோருடையவள். வீட்டுக்கு வந்ததும் மகள் எழுதி முடித்துப் போட்ட கொப்பி ஒன்றில் கடைசிப் பக்கங்களைப் பிரித்தேன். மேலே பிள்ளையார் சுழி போட்டேன். கீழே கிழமை, இடம், பாரம், மழை, விக்கல் என்று ஐந்து கோடு இழுத்தேன்.

முதல் மூன்று வாரம் எழுதியதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஒரு புதன்கிழமை பண்டாரவளையில் கொட்டு கொட்டென்று கொட்டிய மழையில் வந்தேன். "விக்கல் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். சரி, மழை குற்றவாளி இல்லை. வெறும் வண்டியிலும் வந்திருக்கிறது, பாரத்திலும் வந்திருக்கிறது. ஆக, பாரமும் இல்லை. மேட்டிலும் வந்தது, சமமான ரோட்டிலும் வந்தது. ஒரு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முந்தி என் மனைவி அந்தக் கொப்பியை வாங்கி விளக்குப் பக்கம் பிடித்து வாசித்தாள்.

"ஏங்க, பாருங்களேன். சனி... சனி, ஞாயிறு... மறுபடி சனி. எல்லாம் சனிக்கிழமதான் ஆரம்பிக்குது."

அன்றைக்குப் பார்த்து அவள் தம்பியும் வீட்டில் இருந்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்தான். இந்தத் தடவை அவன் கேலி பண்ணவில்லை.

"மச்சான், இது சனி பகவான் வேல. ஒங்களுக்கு ஏழரை நடக்குது. பரிகாரம் பண்ணுங்க."

எனக்கும் பயம்தான். யார்தான் பயப்படமாட்டார்கள்? அடுத்த சனிக்கிழமையிலிருந்து விடியற்காலையில் எள் விளக்கு போட்டுவிட்டுச் சந்தைக்குப் போனேன். அதோடு வெள்ளிக்கிழமைப் பூசையையும் பலப்படுத்தினேன்.

அந்த வெள்ளிக்கிழமைப் பூசையை இங்கே சொல்லத்தான் வேண்டும். வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் எங்கள் பக்கம் செய்வதுதான். வெள்ளிக்கிழமை சாயந்தரம் வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, சாம்பிராணி காட்டி, மஞ்சள் தண்ணீர் தெளிப்போம். நான் எட்டு வருஷமாகச் சக்கரத்துக்கும் கண்ணாடிக்கும்தான் தெளித்தேன். போன திருவிழாவுக்குச் சில மாசம் முந்தி வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்தேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் "என்னங்க, புது வண்டியா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். கண் பட்டுவிடும் என்று எனக்கும் மனைவிக்கும் ஒரே கவலை. கண்ணு படறது பெயின்டில் இல்லை, எஞ்சினில்தான் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் பொனட்டைத் திறந்து, கல்லுப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை மாவிலையால் உள்ளேயும் தெளித்தேன். அவள் கரைத்துக் கொடுப்பாள், நான் தெளிப்பேன். சந்தைக்குப் போய்ச் சுணங்கி வருகிற வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பூசை தவறும்.

சனி பகவானுக்குப் பயந்து இப்போது உப்பை ஒரு பிடி கூட்டினேன். மாவிலையை விட்டுவிட்டுக் கையாலேயே அள்ளி அடித்தேன்.

விக்கல் குறையவில்லை. செவ்வாய்க்கிழமையிலும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. என் கொப்பியில் அந்த வாரங்கள் முழுக்க "விக்கல்", "விக்கல்", "பெரிய விக்கல்" என்றே இருக்கிறது. ஒரு இடத்தில் பென்சிலால் "தாயே ஏன்" என்று எழுதியிருக்கிறேன். எழுதியது ஞாபகமே இல்லை.

மாசி மாசம் நடுவில் எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த என் பெரியப்பா மகன் இறந்துபோனார். பங்காளி என்பதால் எங்களுக்குப் பதினாறு நாள் தீட்டு. கோயில் பக்கம் போகக் கூடாது, வீட்டில் விளக்கு ஏற்றக் கூடாது, வண்டிக்குப் பூசை கிடையாது. வேலைக்கு மட்டும் போய் வந்தேன். சாமியை நினைத்துக் கும்பிடக்கூட மனசு கூசியது. கொடியேற்றம் நெருங்கிக்கொண்டிருக்கிறது, வண்டிக்கோ வைத்தியம் இல்லை, இந்த நேரம் பார்த்து அம்மா என்னை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டாளே என்று அழுதிருக்கிறேன். ஆனாலும் கொப்பியை விடவில்லை. எழுதி எழுதிப் பழகிவிட்டது.

பதினாறு முடிந்து, வீட்டைக் கழுவி, புண்ணியதானம் பண்ணி, அடுத்து வந்த வெள்ளிக்கிழமை ஆசை தீரப் பூசை செய்தேன். இரண்டு வாரம் விட்ட குறைக்கும் சேர்த்துக் கல்லுப்பு. பொனட்டுக்குள் ஒரு செம்புத் தண்ணீர் போயிருக்கும்.

மறுநாள் சனிக்கிழமை. கோவா மூட்டைகளோடு பண்டாரவளைக்குக் கிளம்பினேன். பதுளையைத் தாண்டி ஹாலிஎல மேட்டில் ஏறும்போது வந்தது பாருங்கள், அப்படி ஒரு விக்கல் நான் கண்டதில்லை. மிதித்தால் சாகும், பாயும், சாகும், பாயும். பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்னிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஒரு மாதிரியாக ஓரம் கட்டினேன். எழுதத்தானே வேண்டும் என்று கொப்பியை எடுத்து ஸ்டியரிங் மேல் விரித்தேன்.

முந்தின பக்கம் கண்ணில் பட்டது. சனி: விக்கல் இல்லை. ஞாயிறு: இல்லை. திங்கள்: இல்லை. மறுபடி சனி: இல்லை. பக்கத்தின் மேலே என் கையால் ஒரே ஒரு சொல்: தீட்டு.

அந்த இரண்டு வாரத்திலும் சனிக்கிழமை இருந்தது. சனி பகவானும் இருந்திருப்பார், அவருக்கு ஏது தீட்டு? எள் விளக்குகூட நான் போடவில்லை. இருந்தும் வண்டி விக்கவில்லை. அப்படியானால் அந்த இரண்டு வாரத்தில் இல்லாமல் போனது என்ன?

நான் இறங்கி பொனட்டைத் திறந்தேன். வாரா வாரம் திறக்கிற பொனட்தான். ஆனால் அன்றைக்குத்தான் கும்பிடுகிற கண்ணை விட்டுவிட்டுப் பார்க்கிற கண்ணால் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் மஞ்சள் கறை. கறை காய்ந்த ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. ஒரு மஞ்சள் கோடு மேலேயிருந்து வடிந்து, வயர்கள் போய் மாட்டுகிற ஒரு சின்னக் கறுப்புப் பெட்டிக்குள் இறங்கியிருந்தது.

கோவா வாடினால் வாடட்டும் என்று வண்டியைப் பதுளைக்கே திருப்பினேன். வழி முழுக்க அது விக்கியது. வாழ்க்கையில் முதல் தடவையாக, "நல்லா விக்கு ராசா, நானா கராஜுக்குப் போற வரைக்கும் நிறுத்திறாத" என்று அதைக் கெஞ்சிக்கொண்டே போனேன்.

கராஜ் வாசலில் என் வண்டி குதித்துக் குதித்து நுழைவதைப் பார்த்ததும் நானா கையில் இருந்த சாவியைக் கீழே போட்டார்.

"அண்ணே! இண்டைக்குக் கள்ளன் தானா வந்து மாட்டிக்கிட்டான்!"

நான் கொப்பியைக் காட்டினேன். வெள்ளிக்கிழமைத் தண்ணீரைச் சொன்னேன். மஞ்சள் கோடு இறங்கிய பெட்டியைக் காட்டினேன். அவர் குனிந்து மோந்து பார்த்தார். விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"ஏறிக் குந்துங்க. எக்ஸலேட்டர ஒரே மட்டத்துல புடிங்க. கால அசைக்கவே வாணாம்."

பிடித்தேன். எஞ்சின் ஒரே சத்தமாக ஓடியது. அவர் அந்தப் பெட்டியில் மாட்டியிருந்த வயர் பிளக்கை இரண்டு விரலால் மெல்ல ஆட்டினார். எஞ்சின் சத்தம் பொத்தென்று விழுந்தது. விட்டார், எழுந்தது. ஆட்டினார், விழுந்தது. என் கால் ஒரு நூல்கூட அசையவில்லை. அம்மன் சத்தியமாக அசையவில்லை.

நானா பொனட்டுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டிக் கத்தினார். "விளங்குதா அண்ணே? நீங்க எவ்வளவு மிதிக்கிறீங்க எண்டத எஞ்சினுக்குச் சொல்றவன் இவன்தான். புது வண்டிகள்ல இவன் உள்ளுக்கு, காலுக்குப் பக்கத்துல ஈப்பான். ஒங்கட வண்டில இங்க ஈக்கிறான். நீங்க மிதிச்சிச் சொல்றீங்க, இவன் அத அங்க சொல்றதில்ல. உப்புத் தண்ணி குடிச்சி மயக்கத்துல ஈக்கிறான்!"

பிளக்கைக் கழற்றிக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே கம்பிக் கால்களைச் சுற்றிப் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்த மாதிரி இருந்தது. தண்ணீர் போகாமல் தடுக்கிற ரப்பர் வளையம் காய்ந்து நொறுங்கியிருந்தது. ஈரம் இருக்கிற வரை விக்கல், காய்ந்தால் சுகம். அதனால்தான் திங்கட்கிழமை சமர்த்து. அதனால்தான் ஸ்கேன் மெஷின் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

"எஞ்சின் எண்டு நெனச்சேன்" என்றார் நானா. "நீங்க இதுக்குள்ள கருவாடு போட்டிருக்கீங்க."

சிரித்தேன் பாருங்கள், போன சித்திரையிலிருந்து அடக்கி வைத்த சிரிப்பு அவ்வளவும் வந்தது. அவரும் சிரித்தார். பக்கத்துக் கராஜில் டயருக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அவர் என் தோளில் கை வைத்து, "நான் டேங்க் கழட்டினேன், பில்டர் மாத்தினேன். கொப்பி எழுதின நீங்கதான் கண்டுபுடிச்சீங்க. நீங்கதான் பாஸ்" என்றார். என்னை யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கால்களைச் சுரண்டிக் கழுவி, உடைசல் வண்டி ஒன்றிலிருந்து எடுத்த நல்ல பிளக்கை மாட்டி, புது ரப்பர் வளையம் போட்டுக் கொடுத்தார். பொனட்டுக்குள் இருந்த உப்பையும் ஈரத் துணியால் நாங்கள் இரண்டு பேருமே துடைத்தோம்.

வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. என் மனைவி வெள்ளிக்கிழமை விரதம் இருந்து, குளித்து, ஈரத் தலையோடு கரைத்துத் தந்த தண்ணீர் அது. கேட்டுவிட்டு அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"அப்போ நான் கரைச்ச தண்ணிதான் அம்மாவையே சாச்சிச்சா?"

"நீ கரைச்ச, நான் ஊத்தினேன். பாதிப் பாதி."

"சாமி காரியம் கெடுக்குமாங்க?"

"அம்மா உப்புக் கேட்டாளா புள்ள? நம்மதான பயத்துல அள்ளிக் கொட்டினோம்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தீட்டு வராட்டி இது நமக்குத் தெரிஞ்சிருக்குமா? ஒங்க அண்ணன் போகும்போது ஒத்தாச பண்ணிட்டுப் போயிருக்காரு" என்றாள். அன்று சாயந்தரமே அவர் பேரைச் சொல்லி ஒரு விளக்கு வைத்தாள். நான் எழுதிய அத்தனை பக்கத்தில் எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது.

நம்பிக்கை வேறு, சோதனை வேறு. அடுத்த வெள்ளிக்கிழமை பூசை செய்தோம், பொனட்டை மூடி வைத்து, சக்கரத்துக்கு மட்டும் மஞ்சள் தண்ணீர், உப்பு இல்லை. சனிக்கிழமை வண்டி விக்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை ஏழாம் நம்பர் மலைக்கு உர மூட்டை ஏற்றிக்கொண்டு வேண்டுமென்றே மூன்று தடவை ஏறி இறங்கினேன். அதே வளைவில் அதே இரண்டாம் கியரில் அழுத்தி மிதித்தேன். மிதித்த நேரமே கேட்டது. இரண்டு வாரக் கொப்பியைத் தலைவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவர் கண்ணாடி போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"சரிப்பா, அம்மா ஒன் வண்டிலதான்" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஆனா பின்னால ஒன் மச்சான் லொறி கயித்தோட வரட்டும். எதுக்கும் இருக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தலையாட்டினேன்.

இந்தச் சித்திரையில் அந்தச் சனிக்கிழமை நல்ல வெயில். மத்தியானம் கழிந்ததும் அம்மனை ஏற்றினோம். கொழுந்து நிறுக்கிற மடுவத்தைத் தாண்டி மேடு தொடங்கியதும் கண்ணாடியில் பார்த்தேன். சனக் கூட்டத்துக்குப் பின்னால் மச்சானுடைய லொறி, முன்பக்கத்தில் வடக்கயிறு சுற்றித் தொங்குகிறது. வேப்பிலை கட்டிய பெண்கள், பால்குடக்காரர்கள், தப்புக்காரர்கள். மலைச் சரிவில் கொழுந்துக்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, வளைவைத்தான் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

வளைவு வந்தது. இரண்டாம் கியர். உள்ளங்காலில் வேர்வை. "தாயே" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு மிதித்தேன்.

இடைவெளியே இல்லை. என் கால் இறங்கியதும் எஞ்சின் எழுந்தது. ஒரே தம்மில், ஒரே சத்தத்தில், கும்பத்துத் தேங்காய்கூட அசையாமல் வண்டி அந்தக் கொக்கியைச் சுற்றி மேலே வந்தது. தப்பு ஒரு அடிகூடத் தவறவில்லை. பின்னால் குலவைச் சத்தம் எழும்பியது. அதில் முதல் குலவை யாருடையது என்று பார்க்காமலே எனக்குத் தெரியும். என் வீட்டில் இருபது வருஷமாகக் கேட்கிற குரல். மலைச் சரிவிலிருந்து கொழுந்துக்காரிகள் அதற்குப் பதில் குலவை போட்டார்கள். மேல் டிவிஷன் வாசலில் எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதேன். சந்தோஷத்துக்கு அழுவதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

மச்சான் லொறியிலிருந்து இறங்கி வந்தான். முன்பக்கத்தில் தொங்கிய கயிற்றை எடுத்துச் சுற்றினபடியே தோளில் போட்டிருந்தான்.

"மச்சான், இத என்ன பண்ணட்டும்?"

"ஏழரைச் சனியக் கட்டிப்போடு."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஒரு கொப்பி கோடு போட்டுத் தாங்க மச்சான். லொறி பிரேக்குல ஒரு சத்தம் வருது. எந்த நேரம் வருதுன்னே தெரியல" என்றான்.

அம்மன் மேல் டிவிஷனைச் சுற்றி வந்து பூசை முடிந்ததும் மஞ்சள் நீராட்டு. அதுதான் எங்கள் வழக்கம். மாமன் மச்சான் முறைக்காரர்கள் ஒருவரை ஒருவர் துரத்தித் துரத்தி மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். வாளி வாளியாகப் பறக்கும். அந்தக் குதூகலத்தில் பூசாரியே ஒரு பெரிய செம்போடு என் வண்டிப் பக்கம் வந்தார். "ஏறி வந்த வண்டிப்பா, இதுக்கும் ஊத்தணும். பொனட்டத் தொற!"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். வண்டியின் முன்னால் முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"சாமி, எங்க வேணும்னாலும் ஊத்துங்க! இங்க மட்டும் வேணாம்!"

பூசாரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தூக்கிய செம்பைக் கீழே இறக்கவும் மனசில்லை. அவ்வளவையும் அவள் தலையிலேயே ஊற்றினார். அதைப் பார்த்து, முறையைக்கூட மறந்து அவள் தம்பி ஒரு வாளி, நாத்தனார்கள் ஒரு வாளி. அவள் கையை இறக்கவில்லை. தலையிலிருந்து கால் வரை மஞ்சளாக நின்று சிரித்துக்கொண்டே இருந்தாள்.

பொனட்டுக்குள் ஒரு சொட்டுப் போகவில்லை.